ஊளி வண்டி அசலான கதை

அமெரிக்காவில் பாரகுடா என்று பேர் வைத்து விற்ற அந்த வண்டி எந்தக் கப்பலில் வந்தது, யாருக்காக வந்தது, அந்த ஆள் ஏன் கடைசிவரை வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதெல்லாம் தூத்துக்குடித் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அதன்மேல் சட்டை காயப்போட்டார்கள், அவர்களுக்கும் பின் வந்தவர்கள் அதிலிருந்து கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள், ஆக ஏலத்துக்கு வந்த நாளில் அதில் இஞ்சின் இல்லை, பானெட் இல்லை, இருந்த இரண்டு கதவில் ஒன்று இல்லை, உட்கார இருக்கை இல்லை, உப்புக்காற்று தின்றது போக மிஞ்சிய கூடு மட்டும் செத்த மீன்போல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைக் காஸ்பர் மச்சாது ஏலத்தில் எடுத்தார். படகு இஞ்சின் பழுது பார்க்கிற மனிதருக்குக் கார் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பாரகுடா என்றால் ஊளி மீன் என்று ஒரு மாலுமி அவரிடம் சொல்லியிருந்தான். "நம்ம கடல் மீனு பேர வச்சுக்கிட்டு நம்ம கரையிலயே அநாதையா கெடக்கு. அத எப்படி விட்டுட்டு வர?" என்று காஸ்பர் திருப்பிக் கேட்டார்.

அதே வருஷம்தான் அவர் கரையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். மன்னார்ப் பக்கமிருந்து அகதிகளை ஏற்றி வந்த படகு ஒன்று நடுக்கடலில் இஞ்சின் நின்று, அலை தள்ளின பக்கமெல்லாம் போய், கடைசியில் கரை தட்டியபோது, இஞ்சினைப் பார்க்கப் போன காஸ்பர் அதனருகே ஒரு ஆம்பளைச் சட்டையில் சுற்றிவைத்த கைக்குழந்தையைக் கண்டார். ஏறும்போது அதைக் கையில் வைத்திருந்தவள் இறங்கும்போது படகில் இல்லை. கூட வந்தவர்கள் யாருக்கும் அவள் பேர்கூடத் தெரியவில்லை. காஸ்பரும் அவர் மனைவி செசிலியும் பிள்ளைக்கு ஸ்தெல்லா என்று ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தார்கள். தத்து என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் எழுதி வாங்கவும் இல்லை. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க எந்தத் தாலுகாக் கச்சேரிக்குப் போய் அனுமதி வாங்குவது என்று செசிலி கேட்பாள்.

ஸ்தெல்லா தவழ்ந்த வருஷங்களில் காஸ்பர் அந்தக் கூட்டுக்கு உடம்பு கொடுத்தார். உடைந்துபோன ஒரு விசைப்படகின் டீசல் இஞ்சினை அதற்குள் இறக்கினார். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அடித்து விரித்து பானெட் செய்தார், பீப்பாயில் எழுதியிருந்த 'தீப்பற்றும்' என்ற சிவப்பு எழுத்து அழியாமல் வண்டியின் நெற்றியிலேயே நின்றது. இல்லாத கதவுக்கு ஒரு பழைய ஜீப்பின் கதவு வந்தது. மூடிப்போன சினிமாக் கொட்டகையின் நாற்காலிகள் இருக்கையாயின. படகுப் பலகை இழைத்து டேஷ்போர்டு ஆனது. மீன்வலைக் கயிற்றைப் பின்னி சீட் பெல்ட் போட்டார். இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் மேல் படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டை அடித்தார். வண்டி கிளம்பினால் கரையிலிருந்து வள்ளம் கிளம்புகிற சத்தம் கேட்கும், போகிற வழியெல்லாம் கரும்புகை நிற்கும், மேட்டில் ஏறும்போது நாலு பேர் இறங்கித் தள்ளவேண்டும். ஆனாலும் அவர்கள் குடியிருந்த சவேரியார் தெருவில் அதற்குப்பின் நடந்த கல்யாணம் ஒவ்வொன்றிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த ஊளியில்தான். அதில் வராதவர்களைத் தெரு முழுசாகக் கல்யாணமானவர்களாகக் கருதுவதில்லை.

செசிலி முதலில் போனாள். ஸ்தெல்லா வளர்ந்து, பட்டறையில் காஸ்பருக்கு ஈடாக நின்று வேலை செய்து, கல்யாணம் வேண்டாம் என்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பி, தலையில் முதல் நரை கண்ட வருஷத்தில் காஸ்பரும் போனார். ஊளியில் வைத்துத்தான் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

அடக்கம் முடிந்து மழைக்காலம் தொடங்கியபோது ஜீப் கதவு மாறியது. ஒரு நாள் காலையில் ஸ்தெல்லா பட்டறையைத் திறந்தபோது, தட்டையாக இருந்த கதவு வயிறு பிதுங்கி, பின்பக்கத் தோள் ஏறி, மறுபக்கத்துக் கதவுக்கு இரட்டைப் பிள்ளையாக நின்றது. அவள் தொட்டுப் பார்த்தாள், திறந்து மூடிப் பார்த்தாள், பிறகு வந்திருந்த படகு இஞ்சினுக்கு வால்வு தேய்க்கப் போய்விட்டாள். அடுத்து பானெட்டில் 'தீப்பற்றும்' என்பதில் 'தீ' மட்டும் மங்கியது, பிறகு எல்லா எழுத்தும் உள்ளே போனது, தகடு வழவழத்து நடுவில் மூக்குப்போல் ஒரு காற்றுத்துளை எழும்பியது. சினிமாக் கொட்டகை நாற்காலிகள் கறுத்த தோல் இருக்கைகளாயின. வலைக்கயிற்று பெல்ட்டுக்கு வெள்ளிப் பூட்டு முளைத்தது. தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை நீலப் பெயின்ட் முழுவதும் கத்தரிப்பூ நிறமாயிற்று. கோவில் பீடத்துத் துணியும் அன்றைக்கு அந்த நிறம்தான் என்பதால் தெருவில் யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை, உயிர்ப்புத் திருநாளுக்கு வெள்ளையாகும் என்று காத்திருந்தார்கள், ஆகாததில்தான் கொஞ்சம் வருத்தம். பிறகு ஒரு நாள் ஸ்தெல்லா வழக்கம்போல் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினால் பிடிக்க ஒன்றும் இல்லை, ஸ்டியரிங் இடப்பக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

கடைசியாக இஞ்சின் மாறியது. வண்டி டீசலை ஊற்ற ஊற்றத் துப்பியது. பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருப்பியதும் எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் எழுந்து கத்தியதில், வெளியே வாளைக் கருவாடு காயப்போட்டிருந்த மிக்கேலம்மாவின் ஓலைப்பாய் தெருமுனைவரை பறந்தது.

"ஏட்டி ஸ்தெல்லா, ஒங்கப்பன் மாட்டுனது கலியாண வண்டி. இது என்னமோ அடிக்க வார மாதிரில்லா கத்துது" என்றாள் மிக்கேலம்மா. பக்கத்து வீட்டுக்காரி, செசிலி இறந்தபின் ஸ்தெல்லாவைத் திட்டுகிற உரிமை அவளுக்குத்தான் வந்திருந்தது.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். "யாருக்கும் கெடுதல் செய்யுதா?" என்று கேட்டார் அவர்.

"பெட்ரோலா குடிக்கி, சாமி."

"அப்ப அது பாவம் இல்ல, செலவு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தெரு மெல்ல மெல்ல அதைப் பழகிக்கொண்டது. பழகிக்கொண்ட பிறகு அதனால் தனக்கு என்ன உபயோகம் என்று யோசித்தது. ஓட்டை விழுந்த குடங்களையும், ஒரு கை போன சூசையப்பர் சுரூபத்தையும், பழைய தையல் மிஷினையும் கொண்டுவந்து டிக்கியில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. பல்செட் கட்டியிருந்த தொபியாஸ் மழைக்காலம் முழுவதும் பின் இருக்கையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பல் பல்செட்டாகவே இருந்தது. காஸ்பர் தன் கையால் அந்த வண்டியில் எதை மாட்டினாரோ, கட்டினாரோ, அது மட்டும்தான் மாறும் என்று கடைசியில் எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதும் அதை விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஸ்தெல்லாவால் மட்டும் விட முடியவில்லை. அவளுக்கு அது அதிசயமாகவே படவில்லை, திருட்டாகப் பட்டது. அப்பா சுத்தியலால் தட்டின தடம் பானெட்டில் இருந்தது, அது போயிற்று. பலகையை இழைத்தபோது அவர் கட்டைவிரலில் வெட்டிக்கொண்ட ரத்தக்கறை டேஷ்போர்டில் இருந்தது, அதுவும் போயிற்று. கல்லறையில் ஒரு தரம் புதைத்த மனிதரை இந்த வண்டி தினம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அவள் போய் அதன் டயரில் ஒரு உதை விடுவாள்.

கல்யாணத்துக்கு வந்த யாரோ அதை போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியதில், சென்னையிலிருந்து ரொமால்ட் வந்தான். காஸ்பருடைய தம்பி மகன். பெரியப்பா அடக்கத்துக்கு வர நேரமில்லாதவன். இந்த மாதிரி வண்டி ஒன்றுக்குப் பெங்களூரில் ஒருவர் கோடிக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பதாகவும், ஆனால் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே அசலாக இருக்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சான்று கொடுத்தால்தான் அந்த விலை என்றும் சொன்னான். பட்டறையைக் காஸ்பர் ஸ்தெல்லா பேருக்கு எழுதிவைத்திருந்தார். ஒரு தகரக் கூட்டையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"எழுதாத சொத்து ரத்த சொந்தத்துக்கு, ஸ்தெல்லா. நான் சொல்லல, சட்டம் சொல்லுது" என்றான் ரொமால்ட், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சான்று கொடுக்க கோயமுத்தூரிலிருந்து வரதராஜுலு வந்தார். பழைய அமெரிக்க வண்டிகளில் அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது என்று பேர். உயரமான மனிதர், காலையில் வந்து இறங்கியவர் காப்பிகூட வேண்டாமென்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு தரம் வெறுமனே நடந்தார். பிறகு வேலையில் இறங்கினார். தெருவே பட்டறை வாசலில் கூடி நின்று பார்த்தது.

என்ன செய்கிறார் என்பதை அவர் மறைக்கவில்லை, ஸ்தெல்லா பக்கத்தில் நின்றதால் அவளுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். முன்கண்ணாடிக்குள் தெரிகிற சின்னத் தகட்டில் வண்டியின் எண் இருக்கும், அதே எண்ணின் வால் இஞ்சின் கட்டையிலும் கியர்பெட்டியிலும் ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டத்திலும் வெட்டியிருக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் அது வேறு வண்டியின் உறுப்பு. பலபேர் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண்ணை அடித்து ஏமாற்றுவார்கள், ஆனால் தேய்த்த இடத்தில் இரும்பின் மேல்தோல் போயிருக்கும், விரல் நகத்துக்குத் தெரிந்துவிடும். இஞ்சினை வார்த்த தேதி வண்டியைக் கோத்த தேதிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்கவேண்டும், பிந்தியிருந்தால் பொய். பானெட்டுக்குள் பக்கத்தில் திருகியிருக்கும் தகட்டில் நிறத்துக்கு ஒரு குறி, இருக்கைத் தோலுக்கு ஒரு குறி. அந்தக் குறியும் கண்முன் இருப்பதும் ஒத்துப்போகவேண்டும். அவர் காந்தம் வைத்துப் பார்த்தார், சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், டார்ச்சைக் கடித்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து பார்த்தார், வெல்டிங் பொட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார், கடைசியில் வெளியே வந்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க ரொமால்ட், ஒரு போல்ட்டுகூட மாறலீங்க. அத்தனையும் அதுக்குன்னே செஞ்சு வந்தது" என்றார். "நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறன், இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. முழு அசலுங்க."

ரொமால்ட் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். ஸ்தெல்லா சொன்னாள், "அசல் இல்ல, ஐயா. எங்கப்பா செஞ்சது."

"எது அம்மிணி?"

"இஞ்சினு, பானெட்டு, இந்தக் கதவு, சீட்டு எல்லாம்."

வரதராஜுலு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் கூட்டத்திலிருந்து மிக்கேலம்மா போய்த் தன் மகள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தாள், தொபியாஸ் தன்னுடையதைக் கொண்டுவந்தார், அப்புறம் தெருவிலிருந்த ஆல்பமெல்லாம் வந்து பட்டறை மேஜையில் குவிந்தது. எல்லாப் படத்திலும் மாலை போட்ட ஜோடிகள், பின்னால் நீல ஊளி, ஜீப் கதவு, நெற்றியில் 'தீப்பற்றும்'. அவர் ஒவ்வொரு படமாகக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் வண்டியைத் தொட்டார். மறுபடி வந்து படத்தைப் பார்த்தார்.

"நான் போட்டோவ வெச்சு எழுதற ஆளு இல்லீங்க, அம்மிணி. இரும்பு என்ன சொல்லுதோ அதத்தான் எழுதுவன்" என்றார், ஆனால் குரலில் முன்னிருந்த உறுதி இல்லை. "சாப்பிட்டுட்டு வந்து எழுதறனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரொமால்ட் ஸ்தெல்லாவைத் தனியே கூப்பிட்டான். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். "இங்க பாரு. நீ சும்மா இருந்தா போதும், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். வாரதுல பாதி ஒனக்கு. எங்கப்பாவையும் அத்தைமாரையும் கூட்டிட்டு வந்து, நீ பெரியப்பாவுக்குப் பெறந்த மகதான்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதித் தாரேன். இனிமே ஒன்னைய யாரும் படகுல வந்தவன்னு சொல்ல மாட்டாங்க."

"இப்ப யாரு சொல்லுதா, அண்ணே?" என்று ஸ்தெல்லா கேட்டாள்.

அவன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். அவர்கள் வீட்டில் எல்லோரும் சொல்லுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் போனபிறகு மிக்கேலம்மா வந்தாள். பட்டறை வாசலில் நின்று கேட்டதையெல்லாம் தெரு முழுக்கக் கலந்து பேசி ஒரு யோசனையோடு வந்திருந்தாள். "அவன் எழுதித் தாரது என்னட்டி எழுத்து? நீ போயி வண்டியில உக்காரு. அந்த பெல்ட்டு ஒங்கப்பன் பின்னுனதுதான? அதப் போட்டு உக்காந்தேன்னா நீயும் அவன் மாட்டுன சாமானு மாதிரித்தான. ஜீப்புக் கதவ அசலாக்குன வண்டி, ஒன்னைய ஆக்காதா? அப்புறம் டாக்டர் வந்து ஊசி குத்திப் பாத்தாலும் மச்சாது ரத்தம்னுதான் சொல்லுவான். வண்டியும் ஒனக்கு, பேரும் ஒனக்கு."

ஸ்தெல்லா அவளைத் திட்டி அனுப்பினாள். ஆனால் வெயில் உச்சிக்கு ஏறி, தெரு உண்டு முடித்து, கருவாட்டுக்குக் காவல் இருந்த நாய்கள்கூடக் கண்ணயர்ந்த நேரத்தில் அவளே போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். யோசித்துச் செய்யவில்லை. படகில் வந்தவள் என்று முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து இன்றுவரை அவள் மனசுக்குள் ஒரு மூலையில் ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், அவள்தான் எழுந்து போனாள். பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே போட்டாள். வெள்ளிப் பூட்டு தானாகவே பிடித்துக்கொண்டது.

உடம்பெல்லாம் மரத்துப்போன காலுக்கு ரத்தம் திரும்புகிறதுபோல் குறுகுறுத்தது. கண்ணாடியில் பார்த்தாள். அவள் மூக்கு நடுவில் மெல்ல உயர்ந்து காஸ்பரின் மூக்குப்போல் வளைந்தது. தாடை அகன்றது. கண்ணுக்கடியில் செசிலிக்கு இருந்த சதைப்பை வந்தது. சிரிக்காமலே அவள் முகத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம் இருந்தால் போதும். அப்போதுதான் இடது காதுக்குக் கீழே இருந்த கருப்பு மச்சத்தைக் கவனித்தாள். அது வெளிறிக்கொண்டிருந்தது. காஸ்பருக்கு அந்த மச்சம் இல்லை, செசிலிக்கும் இல்லை. எந்தக் கடலில் எந்த இடத்தில் விழுந்தாள் என்று தெரியாத ஒருத்தி அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரே சாமான் அது.

"நிறுத்து" என்றாள் ஸ்தெல்லா.

வண்டி நிறுத்தவில்லை. பூட்டை அழுத்தினாள், திறக்கவில்லை. குத்தினாள், திறக்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து பெல்ட்டை அறுத்தாள்; அறுபட்ட இடத்திலிருந்து அது வலைக்கயிறாகி அவள் மடியில் விழுந்தது. அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள், அப்பாவின் முடிச்சு, இரண்டு சுற்று சுற்றி உள்ளே வாங்கி இழுக்கிற முடிச்சு, அப்படியே இருந்தது. இத்தனை நாளும் அழிந்தது என்று நினைத்தது எதுவும் அழியவில்லை, உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவள் வெளியே இறங்கிக் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் நாய்கள் எழுந்தன. காதுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். பட்டறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். மச்சம் இருந்தது, மூக்கு அவள் மூக்குதான்.

"எனக்கு என்னல கொறை? நான் அவரு மகதான். இப்படியே மக" என்று வண்டியிடம் சொன்னாள். பிறகு ஸ்பேனர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வரதராஜுலுவும் ரொமால்ட்டும் திரும்பி வந்தபோது அவள் பானெட்டின் கீலில் கடைசி போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தெரு மறுபடி கூடியிருந்தது.

"தொடாத! அது எங்க குடும்பச் சொத்து" என்று கத்தினான் ரொமால்ட்.

"எங்கப்பா மாட்டுனதத்தான் கழத்துதேன். ஐயா, நீங்க கிட்ட வந்து பாருங்க. இரும்பு என்ன சொல்லுதோ அதத்தான எழுதுவீங்க?"

வரதராஜுலுவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று எப்படியோ புரிந்துவிட்டது. அவர் கையை நீட்டினார். அவரைப் பார்க்க அப்போது எல்லோருக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. "வேண்டாம் அம்மிணி. எந்தக் கையி செஞ்சா என்னங்க? இப்படி ஒண்ணு உலகத்துல இருந்துட்டுப் போகட்டும். அப்படியே விட்டுருங்க" என்று கெஞ்சினார்.

"ஆமா, கழத்தாத வரைக்கும் அசல்தான?" என்றான் ரொமால்ட்.

"மாட்டினா அசலு, கழத்தினா நகலுன்னா, அது யாரு பொய்யி, அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஸ்தெல்லா பானெட்டைத் தூக்கினாள். மிக்கேலம்மாவும் தொபியாஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தரையில் வைத்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டது. கத்தரிப்பூ நிறம் மண்ணில் தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கிப்போனது, காற்றுத்துளை அமுங்கியது, நீலம் வந்தது, நீலத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு சுத்தியல் தடமாக எழும்பி வந்தது, கடைசியில் சிவப்பில் 'தீப்பற்றும்' என்று வந்து நின்றது. தெரு கைதட்டியது; தொலைந்துபோன உறவுக்காரன் ரயிலிலிருந்து இறங்குவதைப் பார்த்தவர்களாகக் கைதட்டியது. அடுத்து கதவைக் கழற்றினாள், அது ஜீப் கதவாயிற்று. செயின்பிளாக் போட்டு இஞ்சினைத் தூக்கினார்கள், அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே எட்டு சிலிண்டரும் சுருங்கிப் படகு டீசலாகி, வரதராஜுலு ஆசையோடு தடவிய எண்ணெல்லாம் துருவாகி உதிர்ந்தது.

வரதராஜுலு பீப்பாய்த் தகட்டருகே குந்தி உட்கார்ந்தார். சுத்தியல் தடங்களை, காலையில் இஞ்சின் எண்ணைத் தடவின அதே விரலால், ஒன்றுவிடாமல் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய் ஆல்பங்களை ஒதுக்கிவிட்டு எழுதினார், எழுதியதைத் தெருவுக்கெல்லாம் கேட்கும்படி படித்தார்: "வண்டியின் பேர் ஊளி. செய்தவர் காஸ்பர் மச்சாது, தூத்துக்குடி. அவர் செய்தது முழுவதும் அசல். இதில் அவ்வப்போது காணப்படும் அமெரிக்க உறுப்புகள் யாவும் பிற்காலத்தில் தாமாகச் சேர்ந்தவை; அவற்றை அசலாகக் கொள்ள இயலாது. சந்தை மதிப்பு இல்லை."

"என்னய்யா எழுதியிருக்கீரு? ஒம்ம கூட்டிட்டு வந்ததே நான்தான்!" என்றான் ரொமால்ட்.

"இரும்பு சொன்னத எழுதியிருக்கறனுங்க" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஸ்தெல்லாவிடம், "உங்கப்பாரு நல்ல கைக்காரருங்க, அம்மிணி" என்றார். அவர் கண் அப்போதும் கலங்கியிருந்தது.

பெங்களூர்க்காரர் அந்தச் சான்றைப் படித்துவிட்டு அதன்பின் ரொமால்ட்டின் போனை எடுக்கவில்லை. மதிப்பில்லாத தகரத்துக்கு யார் வழக்குப் போட்டுக்கொண்டு அலைவது என்று ரொமால்ட், தன் குடும்பத்துக்கு அதில் பாத்தியதை இல்லையென்று ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். போகும்போது தங்கச்சி என்று சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பிறகு ஸ்தெல்லா எல்லாவற்றையும் திரும்பவும் மாட்டினாள், இந்தத் தடவை தன் கையால். வண்டி சும்மா இருக்கவில்லை, அடுத்த மழையிலேயே கதவைப் பிதுக்கப் பார்த்தது. அவள் கழற்றித் தரையில் போட்டு, புத்தி வந்ததும் மாட்டினாள். அது நிறத்தை மாற்றும், இவள் நீலத்தை அடிப்பாள். அது ஸ்டியரிங்கை இடம் மாற்றும், இவள் இழுத்துக்கொண்டு வருவாள். தெருவும் இதில் சேர்ந்துகொண்டது. மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின், யார் வீட்டில் எது உடைந்து கிடக்கிறதோ அதைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வண்டியில் மாட்டுவது ஒரு திருநாளாகவே ஆயிற்று, மிக்கேலம்மாவின் தராசுத் தட்டு ஒரு விளக்குக்கு மூடியானது, தொபியாஸ் இறந்தபின் அவர் கைத்தடி கியர் கம்பியானது. அமெரிக்காவுக்கும் சவேரியார் தெருவுக்கும் நடந்த இந்த இழுபறியில் ஊளி களைத்துப் போயிற்றோ, அல்லது மனசு மாறிற்றோ தெரியாது, மெல்ல மெல்ல அது எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு உருவத்துக்கு வந்து சேர்ந்தது: ஊளி மீனின் நீண்ட தாடை, வள்ளத்தின் கூர்முனையான அணியம், ஜீப்பின் தோள், நெற்றியில் சிவப்பெழுத்து. அதற்கப்புறம் அது மாறவே இல்லை.

மிக்கேலம்மாவின் பேத்தி கல்யாணத்தன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னால் வைத்து ஸ்தெல்லா கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எந்தக் கம்பெனி வண்டிம்மா இது?"

"மச்சாது."

"கேள்விப்பட்டதே இல்லியே. வெளிநாடா?"

"இங்கனதான், துறைமுகத்துப் பக்கம்."

"உங்க பேரு?"

"ஸ்தெல்லா மச்சாது."

அவர் வண்டியையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்போ நீங்க கம்பெனிக்காரரு மகளா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, ஸ்தெல்லா கரும்புகையைக் கிளப்பிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.